கூட்டிப் போட்ட வயது

ஆச்சி கேட்டதற்கு நான் சொன்னது ஆறுதலா, பொய்யா என்று இன்னும் பிடிபடவில்லை. அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. கருவூலத்தில் பென்ஷன் பிரிவில் உட்கார்ந்திருக்கிற எனக்கு, மே மாதம் வந்தால் அந்தப் பேச்சு மறுபடி மனதில் ஓட ஆரம்பித்துவிடும்.

2017-இல், பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று வருஷா வருஷம் பார்க்கிற நேர்காணல் சமயம். அப்போது ஏப்ரல் முதல் ஜூன் வரை எல்லோரும் வந்து போக வேண்டும். ஆச்சி நேரில் வந்தே ஆக வேண்டும் என்றில்லை. கெஜட்டட் அதிகாரியோ வங்கி மேலாளரோ கையெழுத்துப் போட்ட உயிர்வாழ் சான்று போதும். படிவத்தை வீட்டுக்கே கொண்டுபோனேன். வேண்டாம் என்றுவிட்டார். தன்னோடு வேலை பார்த்த டீச்சர்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் தெரிந்துகொள்வது எங்கள் வராண்டாவில்தான். வரிசையில் முன்னால் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. எனக்கும் மூன்றாம் வகுப்பு டீச்சர் அவர்தான், அதனால் அதற்கு மேல் வற்புறுத்தத் தோன்றவில்லை.

அவருக்கு முன்னால் நின்றவர் ஓய்வு பெற்ற ஜீப் டிரைவர். தாமதமாக நிரந்தரம் ஆனவர். முழு பென்ஷனுக்கு 30 வருஷப் பணிக்காலம் வேண்டும். குறைந்தால் அந்த விகிதத்தில்தான் கிடைக்கும். "எந்த வாத்தியாரு போட்ட தேதியோ சார், ஒரு வருஷம் முன்னாடியே என்னை வீட்டுக்கு அனுப்பிருச்சு" என்றார். இதை அடிக்கடி கேட்கிறோம். பிறந்த தேதியைத் திருத்த வேண்டுமென்றால் வேலையில் சேர்ந்து ஐந்து வருஷத்துக்குள் மனு கொடுத்திருக்க வேண்டும். அதைச் சொல்லி அனுப்பினேன்.

அப்புறம் ஆச்சி வந்தார். மஞ்சள் பையிலிருந்து பென்ஷன் புத்தகத்தை எடுத்து வைத்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு கரும்பலகையில் புது எழுத்தைத்தான் எழுதினார். கையெழுத்தில் மட்டும் தும்பிக்கை வைத்த பழைய 'லை' கடைசிவரை இருந்தது. பேனாவை மூடாமலே கேட்டார்.

"ஐயா, நான் தேதி போட்ட பிள்ளைகளும் இப்ப இங்கதான் வருவாங்களா?"

"வருவாங்க ஆச்சி. குறைச்சுப் போட்டிருந்தா லாபம்தான், கூட வேலை பார்த்திருப்பாங்க."

"கூட்டிப் போட்டவங்க?"

"அப்படி ரொம்பப் பேர் இருக்க மாட்டாங்க."

ஆச்சி 1948-இல் ஜில்லா போர்டு பள்ளியில் சேர்ந்தவர். 1956-இல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்ததும், அதுவரை பள்ளி வாசலை மிதிக்காத வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். பிறப்புச் சான்று யாரிடமும் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. தொட்ட பிள்ளைக்கு ஜூன் 1 என்று ஏதோ ஒரு வருஷம் போடுவார்கள். தொடாத பிள்ளை அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். திருப்பி அனுப்பினால் மத்தியானம் அதற்குச் சோறு இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஆச்சி ஒரு வயதைக் கூட்டிப் போட்டார். இதை வீட்டில் அவரே பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் கவுன்டரில் கேட்டபோது அந்தப் பெருமை குரலில் இல்லை.

ரொம்பப் பேர் இருக்க மாட்டார்கள் என்று எதை வைத்துச் சொன்னேன்? எங்கள் கோப்புகளில் ஜூன் 1 பிறந்தநாள்கள் மலிந்து கிடக்கின்றன. முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதக் கடைசி நாளில் ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. ஆச்சியும் அப்படித்தான் 1986 மே 31-இல் ஓய்வு பெற்றார். இதில் கூட்டியது எத்தனை, குறைத்தது எத்தனை என்று யாராலும் பிரிக்க முடியாது. அவர் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர், என் பதிலில் கணக்கே இல்லை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பின்னால் அத்தனை பேர் நின்றார்கள், தாளிலேயே 90 வயதை நெருங்குகிற மனுஷியிடம் வேறு என்னதான் சொல்வது என்றும் நினைத்துக்கொள்கிறேன். அந்த ஒரு வேளைச் சோறு இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை படித்திருக்காது, வேலையும் இல்லை, பென்ஷனும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் டிரைவரிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு வருஷச் சம்பளமும், சாகும்வரை குறைவாகவே வருகிற பென்ஷனும் அவருடைய நஷ்டம். ஆச்சியை நான் குறை சொல்லவில்லை, அந்த இடத்தில் நானும் கூட்டித்தான் போட்டிருப்பேன். டிரைவரின் கோபமும் நியாயம் என்றே படுகிறது.

ஆச்சிக்கு யாரோ ஒரு வாத்தியார் வயதைக் குறைத்துப் போட்டிருந்தார். 90 ஆனால் கூடுதல் ஓய்வூதியம் 40 சதவீதம். தாளில் அந்த வயது வருவதற்குள் வீட்டுக் கணக்கில் 92 ஆகியிருந்தது. அதைப் பற்றி ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை.

இப்போது நேர்காணல் அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில். எங்கள் பிரிவில் மே மாதம்தான் நெரிசல். புத்தகத்தில் ஜூன் 1 என்று பார்த்தால், "ஒண்ணாப்பு எங்கே படிச்சீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். எங்கள் படிவத்தில் அப்படி ஒரு கேள்வி கிடையாது. ஆச்சி வேலை பார்த்த ஊர்களில் ஒன்றை இதுவரை யாரும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து என்ன பேசுவது என்றும் நான் முடிவு செய்திருக்கவில்லை.