கத்தரி கிடக்கும் ட்ரே

கேஷுவாலிட்டியில் நைட் டூட்டி ஏறியதும் முதலில் டிரெஸ்ஸிங் ட்ரேயைத்தான் பார்ப்பேன். கத்தரி வெளியே கிடந்தால் டிராயருக்குள் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை. 2023 மே 10 அன்று கொட்டாரக்கரை தாலுகா ஆஸ்பத்திரியில், சிகிச்சைக்குப் போலீஸ் கூட்டிவந்த ஆள் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) வந்தனா தாஸைக் குத்திக் கொன்றது அப்படி ஒரு கத்தரியால்தான். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு தாண்டி நான் வேலைக்கு வருகிற அதே கொல்லம் ரோட்டு ஊர் அது.

அந்த மாதமே கேரளா அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குக் கொடுங்காயம் ஏற்படுத்தினால் 7 வருடம் வரை ஜெயில், 5 லட்சம் வரை அபராதம். சரி, நல்ல சட்டம்தான். ராத்திரி ரெண்டு மணிக்குக் குடித்துவிட்டு வந்து, "டாக்டர் எங்கடி?" என்று கை ஓங்குகிறவனுக்கு அதெல்லாம் தெரியுமா? கூட இன்னொரு சிஸ்டரைப் போடுங்கள், வாசலில் தெம்பான செக்யூரிட்டி ஒருத்தரைப் போடுங்கள். இப்போது இருக்கிற அண்ணாச்சி பாவம், அவருக்கே பிரஷர் மாத்திரை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.