குதிரைப் புதிர்கள்: ஒரு மாதக் குறிப்பு

மார்ச் 4

சதுரங்கத்தில் இந்த மாதம் முழுக்கக் குதிரை இறுதியாட்டங்கள்தான் (காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டம்), யானை இறுதியாட்டம் கொஞ்சநாள் ஓய்வெடுக்கட்டும். முதலில் ஒரு பழைய பாடம். வெள்ளை ராஜா ஏ8 (எழுத்து பலகையின் செங்குத்து வரிசை, எண் கிடை வரிசை), சிப்பாய் ஏ7, குதிரை ஜி1. கருப்புக்கு சி8-இல் ராஜா மட்டும். வெள்ளை ராஜா மூலையில் தன் சிப்பாயாலேயே அடைபட்டிருக்கிறார். கருப்பு ராஜா சி7, சி8 என்று மாறி மாறி நின்றே அவரை வெளியே விடாமல் பார்த்துக்கொள்கிறார். இப்போது வெள்ளையின் முறை என்றால் குதிரை எஃப்3, டி4, இ6 என்று போய் சி7-ஐப் பறித்துவிடும், கருப்பு ராஜா விலகியே ஆகவேண்டும், ஆட்டம் முடிந்தது. அதே குதிரையை ஹெச்1-இல் வைத்து வெள்ளையை ஆடச் சொன்னால் டிரா. பலகை முழுக்கச் சுற்றி வந்தாலும் டிராதான்.

காரணம் கட்டத்தின் நிறம். குதிரை ஒவ்வொரு தாவலிலும் நிறம் மாறும், சி7-க்கும் சி8-க்கும் நடக்கும் ராஜாவும் அப்படியே. ஆக இருவருக்கும் இடையிலான கணக்கு கடைசிவரை மாறாது. வெள்ளை ஆடும் நேரத்தில் இரண்டும் வெவ்வேறு நிறத்தில் நின்றால் வெற்றி, ஒரே நிறம் என்றால் இல்லை. யானையோ பிஷப்போ ஒரு நகர்த்தலை வேண்டுமென்றே வீணாக்கி முறையை எதிராளியிடம் தள்ளிவிட முடியும், குதிரைக்கு அது முடியவே முடியாது. இனி எந்தப் புதிரிலும் கணக்குப் போடுவதற்கு முன் நிறத்தைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 6

தூரக் கணக்கு. பக்கத்துக் கட்டத்துக்குப் போகக் குதிரைக்கு மூன்று நகர்த்தல், மூலைவாட்டில் இரண்டு கட்டம் தள்ளிப் போக நான்கு. அதனால் எதிரிக் குதிரையிடமிருந்து அப்படி மூலைவாட்டில் இரண்டு கட்டம் தள்ளி நிற்கும் ராஜாவுக்கு அது செக் சொல்ல மூன்று நகர்த்தல் வேண்டும். மற்ற காய்களிடமிருந்து தூரமாக ஓடுவது பாதுகாப்பு, இதனிடமிருந்து சரியான இடத்தில் கிட்டே நிற்பதுதான் பாதுகாப்பு.

மார்ச் 11

இன்று ஸ்டம்மா. அலெப்போக்காரர், 1737-இல் பாரிஸில் தன் புதிர்களை அச்சிட்டவர். அவர் பெயரில் வழங்கும் மேட் (செக்கிலிருந்து ராஜா தப்பவே முடியாத முடிவு) எனக்கு ரொம்பப் பிடித்தது: வெள்ளை ராஜா சி2, குதிரை டி5; கருப்பு ராஜா ஏ2, சிப்பாய் ஏ3. குதிரை பி4 செக், ராஜா ஏ1-க்குத்தான் போக முடியும். அடுத்து செக் எதுவும் இல்லாமல் ராஜா சி1! கருப்புக்கு நகர்த்த ஏ2 தவிர வேறு ஒன்றுமே இல்லை, சிப்பாய் தன் ராஜாவின் கடைசிக் கட்டத்தையும் அடைத்துவிடுகிறது, குதிரை சி2, மேட். ஒற்றைக் குதிரையால் வெறும் ராஜாவை மேட் செய்யவே முடியாது. கருப்புக்கு அந்தச் சிப்பாய் இல்லாமலிருந்தால் டிரா. சொந்தக் காயே எமனாகும் இந்த வகை எனக்கு எப்போதும் அலுப்பதில்லை.

ஓர் உபரித் தகவல்: ராணியும் பிஷப்பும் இன்றைய நடைக்கு வந்தது 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான், குதிரையின் நடையோ ஆட்டத்தின் ஆரம்ப காலத்திலிருந்தே மாறவில்லை. அதற்கு முந்தைய அரேபியர்களின் மன்சூபா எனும் சதுரங்கப் புதிர்களில் குதிரை, யானை, ராஜா மட்டும் வருபவற்றை அப்படியே இன்றும் தீர்க்கலாம்.

மார்ச் 17

இரண்டு குதிரை. வெறும் ராஜாவுக்கு எதிராக இரண்டு குதிரையால் மேட்டைக் கட்டாயப்படுத்த முடியாது, கடைசியில் ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே நகர வழியில்லாமல் போய் டிரா) வந்து நிற்கும். எதிராளிக்கு ஒரு சிப்பாய் கொடுத்துப் பாருங்கள், நிலைமை தலைகீழ்! ஒரு குதிரை சிப்பாயை மறித்து நிற்கும், இன்னொன்றும் ராஜாவும் சேர்ந்து கருப்பு ராஜாவை மூலைக்கு விரட்டும், அப்புறம் மறித்த குதிரை ஓடிவரும், சிப்பாய்க்கு நகர இடம் கிடைப்பதால் ஸ்டேல்மேட் இல்லை. எவ்வளவு தூரம் வந்த சிப்பாயை மறித்தால் போதும் என்று கோடு போட்டவர் ரஷ்யப் புதிர் ஆசிரியர் ட்ராய்ட்ஸ்கி (1866–1942). கருப்புச் சிப்பாய்க்கு அந்தக் கோடு ஏ4, பி6, சி5, டி4, இ4, எஃப்5, ஜி6, ஹெச்4. கணினி வருவதற்கு முன், கையால் போட்டது. டேபிள்பேஸ் (காய்கள் குறைந்த நிலைகளைக் கணினி முழுதாகத் தீர்த்துவைத்த தொகுப்பு) கணக்கில் மிக நீளமான வெற்றிக்கு 115 நகர்த்தல், அதாவது 50 நகர்த்தல் விதியைத் (வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் 50 போனால் டிரா கேட்கலாம்) தாண்டி எங்கேயோ. இதைப் போட்டியில் ஆட வேண்டி வந்தால் நான் கைகுலுக்கிவிட்டு எழுந்துவிடுவேன்.

மார்ச் 18

குதிரை இறுதியாட்டம் என்பது சிப்பாய் இறுதியாட்டமேதான் என்று முன்னாள் உலகச் சாம்பியன் பொட்வினிக் சொன்னதாகச் சொல்வார்கள். மற்ற சிப்பாய்களிலிருந்து ஒதுங்கி நிற்கும் தூரத்துச் சிப்பாயின் மதிப்பு விஷயத்தில் சரி. மற்றபடி பாதிதான் ஒப்புக்கொள்வேன்: சிப்பாய் ஆட்டத்தில் மண்டையைக் குடைகிற ஒரே கேள்வி, ராஜா எப்படி ஒரு நகர்த்தலை இழப்பது என்பது. அதைக் குதிரையிடம் கேட்டால் பதிலே கிடையாது.

மார்ச் 22

கடைசியாக ஒன்று, எளிதுதான், ஆனால் அழகு. வெள்ளை ராஜா ஜி6, சிப்பாய் ஹெச்6. கருப்புக் குதிரை ஜி5, கருப்பு ராஜா எங்கோ ஏ வரிசையில், உதவிக்கு வரமாட்டார். கருப்பின் முறை, டிரா செய்ய வேண்டும். குதிரையை வெள்ளை ராஜா தாக்குகிறார், சிப்பாயை விட்டு விலகுவதுபோலத் தோன்றும் இ6 மட்டும்தான் விடை. ஹெச்7 என்றால் எஃப்8 செக், சிப்பாய் போச்சு. ராஜா எஃப்7 வந்து குதிரையைத் துரத்தினால் ஜி5 செக், ராஜா திரும்ப ஜி6, குதிரையும் திரும்ப இ6. ராஜா எஃப்6 வந்தால் என்ன செய்வது என்பதை நீங்களே பலகையில் வைத்துப் பாருங்கள், அங்கே எஃப்8 வேண்டும்.