பழைய செயின்சா வாங்கப் போகிறீர்களா? சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள்

நான் பார்க்கப் போகும்போது விற்பவர் செயின்சாவை முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், அது முழுக்க ஆறும்வரை காத்திருப்பேன். ஆறியதும் முதலில் கேட்பது சைலன்சரைக் கழற்ற அனுமதி. இரண்டு மூன்று போல்ட்தான். டார்ச் அடித்து, சைலன்சர் இருந்த இடத்தில் தெரியும் துளைக்குள் பார்த்துக்கொண்டே ஸ்டார்டர் கயிற்றை மெல்ல இழுத்தால், பிஸ்டன் ஏறி இறங்குவது தெரியும். அதன் பக்கச் சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கீறல் ஓடியிருந்தால் அந்த மெஷின் எனக்கு வேண்டாம்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனியாக இன்ஜின் ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பிஸ்டன், பேரிங் எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது. வெறும் பெட்ரோலை ஊற்றி ஒரு டேங்க் ஓட்டினாலே போதும், பிஸ்டன் சிலிண்டரோடு உரசிச் சீஸ் ஆகிவிடும், அதாவது இறுகி நின்றுவிடும். பழைய சொந்தக்காரர் எப்படிப் பராமரித்தார் என்பதை அவர் வாயைவிட அந்தத் துளை தெளிவாகச் சொல்லும். கழற்றக் கூடாது என்பவரிடம் நான் பேரம் பேசுவதில்லை.

கம்ப்ரஷனுக்கு, அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்பதற்கு, எளிய சோதனை ஒன்று உண்டு. சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டார்டர் கைப்பிடியை மட்டும் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள். தடங்கித் தடங்கி இறங்கினால் நல்லது. சரசரவென்று இறங்கினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கலாம். அழுத்தத்தை அளக்கும் கேஜ் இருந்தால், 150 பி.எஸ்.ஐ. காட்டும்போது நிம்மதியாக வாங்குவேன். 110-க்குக் கீழே போனால் வேண்டாம்.

பெட்ரோல் டியூப், பிளக், ஏர் ஃபில்டர், கயிறு, தேய்ந்த செயின் இவையெல்லாம் மலிவாக மாற்றக்கூடியவை. விலையைக் குறைக்கக் காரணமாகும், அவ்வளவுதான். செயின் பிரேக் அப்படியில்லை. பாரின், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டின், மூக்கு, அதிலும் மேல்பாதி, மரத்தில் இடித்தால் மொத்த பாரும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முகத்தை நோக்கி எகிறும். ஹஸ்க்வர்னா நிறுவனம் 1973-ல் தானாக இயங்கும் பிரேக்கைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். செயின் ஓடும்போது முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் காப்புத் தகட்டைத் தள்ளினால் அது சட்டென நிற்க வேண்டும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் ஓடும்போது, செயின் சுற்றக் கூடாது. ஐடிலிங் ஏறி இறங்கித் தள்ளாடினால் எங்கோ சீலில் காற்று புகுகிறது என்று சந்தேகப்படுவேன். அதை அப்படியே ஓட்டினால் காற்றோடு கலக்கும் பெட்ரோல் குறைந்து, நல்ல பிஸ்டனிலும் அதே கீறல் வந்துவிடும்.

வாங்கி வந்த பிறகு, டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலைக் கொட்டிவிடுங்கள். இப்போதைய மாடல்கள் பெரும்பாலும் 50-க்கு 1 கலவை கேட்கின்றன, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். பழைய மாடலாக இருந்தால் கையேட்டைப் பாருங்கள். சிலவற்றுக்கு இதைவிட அதிக ஆயில் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் கலவையை நான் வைத்திருப்பதில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் ரப்பர் பாகங்களையும் விறைக்க வைக்கும்.

இனி அரம், அதாவது செயினைத் தீட்டுவது. 1946-ல் அமெரிக்காவின் ஆரிகனில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, ஒரு வண்டுப்புழு தன் இரு தாடைகளால் மரத்தை இடமும் வலமுமாகச் சீவித் தின்பதைக் கவனித்தார். அதைப் பார்த்துத்தான் இன்றைய செயினின் பல் பிறந்தது. அது மரத்தைச் சுரண்டுவதில்லை, சீவுகிறது. கூர் இருக்கும்வரை கீழே கனமான சீவல் விழும். மாவு மாதிரித் தூள் கொட்டினால் உடனே நிறுத்துவேன். மெஷினை மேலே இருந்து அழுத்த வேண்டி வந்தாலே கூர் போய்விட்டது என்று அர்த்தம்.

செயினின் பிட்ச்சுக்கு, அதாவது கண்ணிகளின் இடைவெளிக்கு, ஏற்ற உருண்டை அரம் வேண்டும்: .325 அங்குலத்துக்கு 4.8 மில்லிமீட்டர், சின்ன மெஷின்களில் வரும் 3/8 அங்குல லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) செயினுக்கு 4 மில்லிமீட்டர். பாரை அசையாமல் இறுக்கிப் பொருத்தி, பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சுமார் 30 டிகிரிச் சாய்வில், முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் ராவுங்கள். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். எல்லாப் பல்லும் ஒரே நீளத்தில் நிற்பது முக்கியம். ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குட்டையானால் வெட்டு வளைந்து போகும். பல்லுக்கு முன்னால் இருக்கும் குட்டி மேட்டை, அதாவது டெப்த் கேஜை, பல்முனையைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்வாகத் தட்டை அரத்தால் வைத்திருங்கள். அதைவிட ஆழமாக ராவினால் மெஷின் துள்ளும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு, தீட்டியும் வெட்டவில்லையே என்று புதுச் செயின் வாங்குகிறார்கள்.

டேங்கில் பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் செயினுக்கு வழவழப்புத் தரும் பார் ஆயிலையும் நிரப்புங்கள். பார் ஒரே பக்கம் தேயாமல் இருக்க அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். வேலை முடிந்ததும் செயினைத் தளர்த்திவிடுவது நல்லது. சூட்டில் நீண்ட செயினை இறுக்கியிருப்போம், ஆறும்போது அது சுருங்கி, இன்ஜினின் அச்சான கிராங்க் ஷாஃப்ட்டை இழுக்கும்.

பழையதாக வாங்கியதில் மிஞ்சிய பணத்தில், அடுத்த பாகம் எதையும் வாங்கும் முன்பு செயின்சாவுக்கான காப்புக் கால்சட்டையை வாங்குங்கள். செயின் பட்டதும் அதற்குள்ளிருக்கும் நீள இழைகள் வெளியே இழுபட்டு, செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் சுற்றி, செயினை நிறுத்திவிடும். இதை மட்டும் யாரோ உடுத்திப் பழசானதாக வாங்காதீர்கள். ஒருமுறை வெட்டுப்பட்ட கால்சட்டையைத் தைத்துப் போட்டாலும் அந்த இடத்தில் காப்பு இருக்காது.