சீல் வைக்க இடமில்லாத மீட்டர்

போன வாரம் ஆப்பில் அழைத்த காரிலிருந்து இறங்கும்போது ஓட்டுநர் திரும்பி, "சார், உங்க போன்ல எவ்வளவு காட்டுது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். அதில் வேறு எண். நான் கொடுத்ததில் கால் பங்குக்கு மேல் வழியிலேயே கழன்றிருந்தது.

"எப்பவும் இப்படித்தானா தம்பி?"

"ஒரு நாள் கம்மி, ஒரு நாள் ஜாஸ்தி. என்ன கணக்குன்னு எனக்கே தெரியாது சார்."

இருபத்தாறு வருடம் டாக்ஸி மீட்டர் பழுது பார்த்துச் சாப்பிட்டவன் நான். கணக்கு தெரியாது என்று ஓட்டுநரே சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் காலத்தில் ஓட்டுநருக்குக் கணக்கு தெரியாமல் இருக்கவே இருக்காது. அதில் எங்கே கை வைக்கலாம் என்பதுகூடத் தெரியும்!

மீட்டர் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் வரும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை அது மீட்டருக்குச் சொல்லும். உள்ளே ஒரு கடிகாரமும் உண்டு. வண்டி ஓடினால் தூரத்துக்குக் காசு, நின்றால் நேரத்துக்குக் காசு. 1891இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் புரூன் செய்த கருவியிலிருந்து வந்த வம்சம்தான் எல்லாம். டாக்ஸி என்ற பெயரே அந்தக் கருவியின் பெயரிலிருந்து வந்ததுதான்.

சூடு வைத்த மீட்டர் என்றால் எல்லோரும் உள்ளே பல்சக்கரத்தை மாற்றியிருப்பார்கள் என்று நினைப்பார்கள். அவ்வளவு சிரமமே வேண்டாம். டயர் தேய்ந்தாலே போதும். 1.8 மீட்டர் சுற்றளவுள்ள டயரில் 6 மில்லிமீட்டர் ரப்பர் தேய்ந்தால் சுற்றளவில் சுமார் 38 மில்லிமீட்டர் குறையும். அதே தூரத்துக்குச் சக்கரம் 2 சதவீதம் கூடுதலாகச் சுற்றும், மீட்டரும் 2 சதவீதம் கூடுதலாகக் காட்டும். யாரும் திருடவில்லை, ஆனாலும் பயணிக்கு நஷ்டம். அதனால்தான் ஆய்வாளர் மேசையில் வைத்து மீட்டரைப் பார்த்ததோடு விடமாட்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்து, அளந்து வைத்த ஒரு கிலோமீட்டரை ஓட்டச் சொல்வார். எண் சரியாக விழுந்தால் திருகாணித் துளைகளில் கம்பியைக் கோத்து, ஈயக் குண்டை இடுக்கியால் நசுக்கி முத்திரை வைப்பார். போலி முத்திரை வைத்தவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிடித்துப் பார்க்க ஒரு முத்திரை இருந்தது.

எனக்கு மீட்டரில் பிடித்தது இன்னொன்று. தூரக் கணக்கிலிருந்து நேரக் கணக்குக்கு மாறும் வேகம். கிலோமீட்டருக்கு 20, நிமிடத்துக்கு 5 என்று அரசு கட்டணம் வைத்தால் அந்த வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். அதற்குக் கீழே வண்டி ஊர்ந்தால் கடிகாரம் ஓடும், மேலே போனால் சக்கரம் ஓடும். நெரிசலின் செலவு யார் தலையில் விழும் என்பதை முடிவு செய்வது இந்தச் சின்ன எண்தான். நிமிடக் கட்டணத்தைக் குறைத்து வைத்தால், நெரிசல் நேரத்தில் ஊருக்கு நடுவே வர எந்த ஓட்டுநரும் சம்மதிக்க மாட்டார். "அந்தப் பக்கம் வராது" என்பார். நாம் அவரைத் திட்டுவோம். தப்பு அவரிடம் இல்லை, கட்டண அட்டவணையில் இருக்கும்.

வண்டிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைப்பது வேறு கதை. நியூயார்க் 1937இல் வைத்தது. உரிமத் தகடு பங்குச் சந்தைப் பொருள் மாதிரி ஆகி, 2014 வாக்கில் ஒன்றின் விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டி, பிறகு சரிந்து, கடன் வாங்கி வாங்கியவர்களை மூழ்கடித்தது. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது முத்திரையைப் பற்றி. லண்டனில் மீட்டர் வைத்துக்கொள்ளும் உரிமை கறுப்பு டாக்ஸிக்குத்தான். முன்பதிவு செய்து வரும் தனியார் வாடகைக் காரில் மீட்டர் இருக்கவே கூடாது என்பது சட்டம். அப்படியானால் ஊபர் ஓட்டுநரின் போன் மீட்டரா இல்லையா? கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனது. 2015 அக்டோபரில் தீர்ப்பு: மீட்டர் இல்லை. போன் தகவலை அனுப்புகிறது, கணக்கு காருக்கு வெளியே எங்கோ ஒரு சர்வரில் நடக்கிறது, ஆகவே கட்டணம் கணக்கிடும் கருவி காரில் இல்லை. சட்டத்தின் எழுத்துப்படி நீதிபதி சொன்னதில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் படித்தபோது, இடுக்கியோடு காரைச் சுற்றிச் சுற்றி வரும் அந்தக் கால ஆய்வாளர்தான் கண்முன் வந்தார். ஈயத்தை எதில் நசுக்குவார் அவர்?

இந்தியாவில் மத்திய அரசு 2020 வழிகாட்டுதலில், ஆப் நிறுவனங்கள் அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. 2025இல் அதை இரண்டு மடங்காக்கியது. சரி, உச்சவரம்பு இருக்கட்டும். ஆனால் அடிப்படைக் கட்டணமும் கிலோமீட்டரும் ரசீதில் தனித்தனியாக இல்லாவிட்டால் ஒன்றரையா இரண்டா என்று பயணி எப்படிப் பார்ப்பார்? தூரத்தை ஜிபிஎஸ் அளந்தது என்கிறார்கள். ஜிபிஎஸ்ஸுக்கும் ஓர் அளந்த கிலோமீட்டர் வைத்துப் பார்த்தவர் யார்?

முத்திரைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது நியூயார்க்தான். ஆப் நிறுவனங்கள் ஒவ்வொரு பயணத்தின் விவரத்தையும் நகராட்சியின் டாக்ஸி ஆணையத்துக்குக் கொடுத்தாக வேண்டும். 2019இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதிய விதி, ஓட்டுநர் ஆளில்லாமல் சுற்றும் நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இதை என் மீட்டர் ஒருநாளும் அளந்ததில்லை. வண்டி காலி என்று காட்டும் மீட்டரின் கொடி நிமிர்ந்திருந்தால் மீட்டருக்குத் தூக்கம், அவ்வளவுதான். வண்டி வெறுமனே சுற்றிச் சாலையை அடைத்தது எந்த எண்ணிலும் ஏறாது.

அன்று இறங்கியபிறகு அந்தத் தம்பியின் ரசீதையும் என் ரசீதையும் அருகருகே வைத்துக் காரின் பானெட் மேலேயே கணக்குப் போட்டுப் பார்த்தோம். தூரத்தை வைத்து ஒரு முறை, நேரத்தை வைத்து ஒரு முறை. இரண்டிலும் விடை வரவில்லை. அதற்குள் அவருக்கு அடுத்த அழைப்பு வந்துவிட்டது. ஏற்றுக்கொள்ள நொடிகள்தான் அவகாசமாம், எண்ணைக்கூடச் சரியாகப் பார்க்காமல் அழுத்திவிட்டுக் கிளம்பினார்.