பொல்லாத ஒரு பிரெஞ்சுச் சொல்

பிரெஞ்சில் 'மேஷான்' என்றொரு சொல் இருக்கிறது. கடைசி 'ன்'னை நாக்கில் கொண்டுவராமல் மூக்கோடு விட்டுவிட வேண்டும், பெண்பால் என்றால் முடிவில் ஒரு 'த்' கேட்கும். அகராதியைத் திறந்தால் விக்கிட், நாட்டி, நாஸ்டி, விஷியஸ் என்று ஆங்கிலத்தில் வரிசையாகப் போட்டிருக்கும். நர்சிங் முடித்துவிட்டு, கனடாவில் பிரெஞ்சு பேசுகிற கியூபெக்கில் வேலைக்குப் போக மார்த்தாண்டத்தில் பிரெஞ்சு படிக்கும் அக்கா மகள், "இதுல எதைத்தான் மாமா படிக்கது?" என்று கேட்டாள்.

ஒன்றையும் மனப்பாடம் செய்யாதே, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார் என்றேன். பிரான்சில் வீட்டு கேட்டில் 'ஷியேன் மேஷான்' என்று போர்டு இருந்தால், நம்மூர் 'நாய்கள் ஜாக்கிரதை'தான். அங்கே அது விஷியஸ், அதாவது கடிக்கிற நாய். தம்பியின் முடியைப் பிடித்து இழுக்கிற பிள்ளைக்கு நாட்டி. பேச்சால் குத்துகிறவருக்கு நாஸ்டி. சினிமாவில் வில்லனே மேஷான். நாம் இத்தனைக்கும் பொல்லாத நாய், பொல்லாத பய, பொல்லாத வாய் என்று ஒரே சொல்லை வைத்து ஓட்டவில்லையா? நேராகத் தமிழுக்கு வந்தால் தீர்கிற விஷயத்தை, எதற்கு ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறோமோ தெரியவில்லை.

பழைய பிரெஞ்சில் இதற்கு அதிர்ஷ்டம் கெட்டவன் என்றுதான் பொருள். தப்பாக விழுவது என்ற வினையிலிருந்து வந்தது, துரதிர்ஷ்டத்தைச் சொல்கிற ஆங்கிலத்து மிஸ்சான்ஸும் அதே குடும்பம்தான். பாவப்பட்டவன் எப்படியோ காலப்போக்கில் பாவியாகிவிட்டான்!

இன்னொரு வில்லங்கம், இடம் மாறினால் பொருளும் மாறும். மேஷான் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வந்தால் கெட்ட குணம். முன்னால் வந்தால் ஒன்றுக்கும் உதவாதது என்றும் அர்த்தமாகும், பேச்சுவழக்கில் அதற்கு நேர் எதிராக 'செம' என்றும் ஆகும். கியூபெக்காரர்கள் இந்த இரண்டாவதைத் தாராளமாகவே சொல்வார்கள், நாம் "பயங்கர படம்டே" என்கிற மாதிரி. அவள் போகிற ஊர் அதுதான் என்பதால் இதை நன்றாக அழுத்திச் சொன்னேன்.

ஆனால் என் 'பொல்லாத' கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. மோசமான வானிலை, மோசமான ருசி இதற்கெல்லாம் பிரெஞ்சில் 'மொவே' என்று வேறு சொல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பேட் என்று போட்டுவிடலாம், அங்கே அது நடக்காது. மேஷான் என்றால் பெரும்பாலும் வேண்டுமென்றே கெடுதல் செய்கிற ஆள் ஒன்று இருக்க வேண்டும், குழம்பு அப்படியெல்லாம் செய்யாது இல்லையா.