ஆபீசரா, வாரண்ட் ஆபீசரா: ஒரு கடலூர் கேடட் அலைந்த கதை

இரண்டாவது தடவை போன எஸ்எஸ்பியில் (ராணுவ ஆபீசர்களைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நாள் நேர்காணல்) ரெகமண்ட் ஆகி, அதாவது தேறி, மெடிக்கலையும் முடித்துவிட்டு ஊருக்கு வந்து பதினைந்து நாள் ஆகிறது. மெரிட் லிஸ்ட் இன்னும் வரவில்லை. சும்மா உட்கார முடியாமல் இதை எழுதுகிறேன். எஸ்எஸ்பியில் என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதற்கெல்லாம் யூடியூபில் ஆயிரம் சார்கள் இருக்கிறார்கள். நான் மாட்டிக்கொண்டு முழித்ததெல்லாம் அதற்கு முன்னாலேயே.

என் தாய்மாமா விமானப்படையில் வாரண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரி லாஸ்பேட்டையில் வீடு. நான் கடலூரில் பி.எஸ்சி., என்சிசி (மாணவர் படை) ஆர்மி விங். இரண்டாம் வருஷம் முழுக்க எனக்கு ஒரே கேள்விதான்: கமிஷன்ட் ஆபீசருக்கு (லெப்டினன்ட் முதல் மேலே உள்ள அதிகாரிகள்) போவதா, வாரண்ட் ஆபீசருக்குப் போவதா? நோட்டில் நடுவே கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் அதை மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். "மாப்ளே, வாரண்ட் ஆபீசர் வேலைக்கு அப்ளிகேஷன்னு ஒண்ணு நீ எங்கயாவது பார்த்திருக்கியா?" என்றார்.

பார்த்ததில்லை. அமெரிக்க ராணுவத்தில் பள்ளிப் படிப்பு முடித்தவரே தேர்வாகி, வாரண்ட் ஆபீசராக ஹெலிகாப்டர் ஓட்டப் போகலாம். அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் நான் நோட்டில் கோடு கிழித்தது. நம் ஊரில் அது படிப்படியாக ஏறிப் போய்ச் சேரும் இடம். விமானப்படையில் ஏர்மேனாக, அதாவது சாதாரண வீரராகச் சேர்ந்து கார்ப்பரல், சார்ஜென்ட் என்று தாண்டி, அப்புறம்தான் ஜூனியர் வாரண்ட் ஆபீசர், வாரண்ட் ஆபீசர், மாஸ்டர் வாரண்ட் ஆபீசர். தரைப்படையில் அந்த இடத்தில் இருப்பவர்கள் நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். ஜேசிஓ (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) என்பது இவர்களைத்தான். மதகுரு வேலை போல ஒன்றிரண்டுக்கு மட்டும் ஜேசிஓவாகவே நேரடியாக எடுப்பார்கள். மாமாவுக்கு முதல் வாரண்ட் கைக்கு வரப் பத்தொன்பது வருஷம் ஆனது.

ஆக, கேடட்டாக இருக்கும்போது நாம் தேர்ந்தெடுப்பது பதவியை இல்லை, எந்தக் கதவு வழியாக உள்ளே போவது என்பதை. இது தெரியாமல் ஒரு வருஷத்தைத் தொலைத்தேன். என் பேட்ச்சில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது.

கணக்கு என்று பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றும். நாங்கள் பார்த்த சி சர்டிபிகேட் (என்சிசியின் கடைசித் தேர்வுச் சான்றிதழ்) வழி, என்சிசி ஸ்பெஷல் என்ட்ரி: எழுத்துத் தேர்வு இல்லை, நேராக எஸ்எஸ்பி, தேறினால் சென்னை ஓடிஏவில் (ஆபீசர் பயிற்சி அகாடமி) 49 வாரப் பயிற்சி, லெப்டினன்ட். அடிப்படைச் சம்பளம் 56,100, அதன் மேல் ராணுவ சேவைச் சம்பளம் 15,500. ஆனால் அது ஷார்ட் சர்வீஸ். பத்து வருஷம், நீட்டித்தால் இன்னும் நாலு. நிரந்தரக் கமிஷன் கிடைக்காமல் வெளியே வந்தால் பென்ஷன் கிடையாது. மாமாவோ மாசாமாசம் பென்ஷன் வாங்குகிறார், கேன்டீன் கார்டு வைத்திருக்கிறார். "அப்போ உங்க வழிதானே மாமா நல்லது?" என்று கேட்டேன். "என் வழி இப்ப இல்லடா" என்றார். அதுவும் உண்மைதான். 2022-இல் அக்னிபத் என்ற நாலு வருஷ ஆள்சேர்ப்புத் திட்டம் வந்த பிறகு ஏர்மேன் கதவு என்றால் பெரும்பாலும் அக்னிவீர் வாயுதான். நாலு வருஷம், முதல் வருஷம் மாதம் 30,000. அதில் 9,000 சேவா நிதிக்கு (கடைசியில் மொத்தமாகத் தரும் சேமிப்பு) பிடித்துக்கொண்டு கையில் 21,000. நாலு வருஷம் முடிந்ததும் அதிகபட்சம் நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். அந்த இருபத்தைந்தில் ஒருவனாக இருந்து, அதற்கப்புறமும் எத்தனையோ வருஷம் ஓட்டினால்தான் வாரண்ட்.

மாமா வீட்டுக்கு எதிரில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குபவர். புதுச்சேரிக்காரர்களுக்கு சொல்தா என்றால் விளக்கம் வேண்டாம். அவரிடமும் போய்க் கேட்டேன். "நான் அட்ஜுதானா ரிட்டையர் ஆனவன். புதுசா வர்ற லெப்டினன்ட் பசங்க எல்லாம் என்கிட்டதான் வந்து நிப்பாங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, "ஆனா கையெழுத்து அவங்கதான் போடுவாங்க" என்றும் சொன்னார். அட்ஜுதான் என்பது அங்கே கிட்டத்தட்ட வாரண்ட் ஆபீசர் மாதிரி. அந்தக் கையெழுத்து விஷயம் அப்போது எனக்குப் புரியவில்லை.

இதற்கிடையில் என் இனிஷியல் தனியாக ஒரு கூத்து நடத்திக்கொண்டிருந்தது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் இனிஷியல். ஆதாரில் பெயருக்கு முன்னால். என்சிசியில் சேரும்போது கிரவுண்டில் வேப்பமரத்தடியில் நின்று, யாரோ ஒருவனுடைய பேனாவை வாங்கி அவசரமாக நிரப்பிய படிவத்தில் அப்பா பெயரை முழுசாக எழுதித் தொலைத்திருந்தேன். ஒரே ஆள், மூன்று பெயர். சி சர்டிபிகேட்டில் படிவத்தில் இருக்கும் பெயர்தான் அச்சாகி வரும், எஸ்எஸ்பியில் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று சீனியர் அண்ணா ஒருவர் சொன்னபோது மூன்றாம் வருஷம் பாதி ஓடியிருந்தது.

பெயரைத் திருத்தப் போனது புதுச்சேரியில் ஓர் என்சிசி அலுவலகம், பெயர் வேண்டாம். முதல் தடவை போனேன். கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காலேஜ்ல மாத்திட்டு வாங்க." காலேஜில் கேட்டால், "அது அங்கதான் மாத்தணும்." இரண்டாவது தடவை போனது 2023 நவம்பர் 1, புதன்கிழமை. காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டுக் காலையிலேயே பஸ் ஏறினேன். கேட் பூட்டியிருந்தது. காவலாளி பீடியை அணைத்துவிட்டு, "இன்னிக்கு விடுதலை நாளு தம்பி, பாண்டிக்கே லீவு" என்றார். கடலூரிலிருந்து 22 கிலோமீட்டர்தான், ஆனால் முள்ளோடை தாண்டினால் லீவு லிஸ்டே வேறு. ஆகஸ்ட் 16-ம் அப்படித்தான். நம் பக்கத்திலிருந்து வேலையாகப் போகிறவர்கள் இந்த இரண்டு தேதியையும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடவை, கடலூரில் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் நோட்டரி வைத்து ஓர் உறுதிமொழி வாங்கிக்கொண்டு போனேன். கிளார்க் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது தமிழ்நாட்டுப் பத்திரம். பாண்டிப் பத்திரத்துல வாங்கிட்டு வாங்க." எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. அறைக்கு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது சுபேதார் சாப் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டைக் கையில் மடிப்பு கத்தி மாதிரி நின்றது. "க்யா ஹுவா?" (என்ன ஆச்சு?) என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். முழுக்கக் கேட்கவில்லை. உள்ளே போய், பீரோவைத் திறந்து, எங்கள் காலேஜ் கட்டைத் தேடிக்கூடப் பார்க்காமல் மூன்றாவது தட்டிலிருந்து உருவினார். என் படிவத்தை எடுத்தார். "தஸ்வீ கா மார்க் ஷீட்?" பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் கேட்டார். கொடுத்தேன். உங்கள் ஏஎன்ஓ சாரிடம் (காலேஜில் என்சிசியைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்) ஒரு கடிதம் வாங்கி வா, அது போதும், பத்திரமெல்லாம் எதற்கு என்றார். கடிதம் என் பையிலேயே இருந்தது; அந்த கிளார்க் கேட்கவே இல்லை! சாப் தானே ஒரு குறிப்பு எழுதி, படிவத்தோடு குத்தி, கர்னல் அறைக்குள் எடுத்துப் போனார். கதவு பாதி திறந்திருந்தது. கர்னல் "டீக் ஹை சாப்?" (சரிதானே சாப்?) என்று மட்டும் கேட்டார். "டீக் ஹை சர்." கையெழுத்து விழுந்தது. மொத்தம் பத்து நிமிஷம்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் சொல்தா தாத்தா சொன்னது உறைத்தது. வேலையை முழுக்கத் தெரிந்தவர் சுபேதார். அவர் சொன்னதை நம்பிப் பெயரைக் கீழே போட்டவர் கர்னல். நாளைக்கு அந்தத் தாளில் ஏதாவது தப்பு என்றால் மேலிடம் கேள்வி கேட்கப்போவதும் அவரைத்தான். இரண்டும் பெரிய வேலைதான். எனக்கு எது வேண்டும் என்று அன்றைக்கு அரியாங்குப்பம் வருவதற்குள் தெரிந்துவிட்டது.

2024 ஜனவரியில் அக்னிவீர் வாயு அறிவிப்பு வந்தது. எனக்கு வயதுக் கணக்குப்படி அதுதான் கடைசி. ஜூலை அறிவிப்பில் நான் தாண்டிவிடுவேன். அம்மா தினமும் கேட்டாள்: "ரெண்டுக்கும் போட்டு வையேன்டா." போடவில்லை. அது வீம்பு என்று இப்போது தோன்றுகிறது. என்னைப் பார்த்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். வயது இருந்தால் இரண்டுக்கும் போடுங்கள். உள்ளே நிலைத்த பிறகும் ஏசிசி (வீரர்களுக்கு ஆபீசர் பயிற்சிக்கு வழிவிடும் ஆர்மி கேடட் காலேஜ்) தேர்வு எழுதி ஆபீசராகும் வழி இருக்கிறது. மாமாவோடு இருந்தவர்களில் அப்படிப் போனவர்கள் உண்டு.

சி சர்டிபிகேட் தேர்வு, டிகிரி எல்லாம் முடிந்தது. சர்டிபிகேட்டில் பி கிரேடாவது வேண்டும். சி கிரேடு வாங்கிவிட்டு சர்டிபிகேட்டைப் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்ட ஒருவனுக்கு அதைச் சொல்லும் துர்பாக்கியம் எனக்கு வாய்த்தது. இன்னொன்று, மார்க் ஷீட்டில் சிஜிபிஏ மட்டும் இருந்தால் அதைச் சதவீதமாக மாற்றும் கணக்கைச் சான்றிதழாக வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் அப்படி ஒரு தாள் உண்டு என்பதே யாருக்கும் தெரியவில்லை. அதை வாங்க எனக்கு நாலு நாள் ஆனது.

முதல் எஸ்எஸ்பி பெங்களூரில். விழுப்புரத்தில் ரயில் மாறி, இரவெல்லாம் தூங்காமல் போனேன். முதல் நாள் ஸ்கிரீனிங். மங்கலான ஒரு படத்தை முப்பது வினாடி காட்டுவார்கள், நாலு நிமிஷத்தில் கதை எழுத வேண்டும், பிறகு அதைக் குழுவில் சொல்லி விவாதிக்க வேண்டும். என் கதை நன்றாகத்தான் இருந்தது. விவாதம் தொடங்கியதும் முதுநகர் மீன் மார்க்கெட் தோற்றது. நான் நாகரிகமாக எல்லாரும் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். மதியம் என் செஸ்ட் நம்பரைக் கூப்பிடவில்லை. பயணப்படியை வாங்கிக்கொண்டு பையைத் தூக்கியாயிற்று. டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த வகை என்ட்ரிக்கு முதல் தடவை போகும்போது மட்டும்தான் அந்தப் பணம் கிடைக்கும்.

அடுத்த ஆறு மாதம் காலையில் சில்வர் பீச்சில் ஓட்டம், மாலையில் மொட்டை மாடியில் தனியாக நின்று சத்தமாக இங்கிலீஷ். பக்கத்து வீட்டில் என்ன நினைத்தார்களோ.

இரண்டாவது தடவை ஐந்து நாளும் இருந்தேன். அறுபது வார்த்தை காட்டுவார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதப் பதினைந்து வினாடி. அறுபது சூழ்நிலை, ஒவ்வொன்றிலும் என்ன செய்வாய் என்று எழுத மொத்தம் முப்பது நிமிஷம். கயிறு, பலகை, பீப்பாய் வைத்துத் தடைகளைத் தாண்டும் குழு வேலை. அதெல்லாம் சமாளிக்கக் கூடியதுதான். இன்டர்வியூவில்தான் அந்தக் கேள்வி வந்தது: "உன் மாமா வாரண்ட் ஆபீசர். நீ ஏன் அந்த வழியில் போகவில்லை?" மனப்பாடம் செய்து வைத்திருந்த தலைமைப் பண்பு, நாட்டுச் சேவை எல்லாம் தொண்டை வரை வந்தன. அதை விட்டுவிட்டு அந்த பீரோ கதையைச் சொன்னேன். மூன்றாவது தட்டு, கர்னலின் "டீக் ஹை சாப்", நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது எல்லாம். கேட்டவர் எதுவும் எழுதவில்லை. "அந்த சாப் தப்பாகச் சொல்லியிருந்தால்?" என்றார். "கையெழுத்து என்னுடையதாக இருந்தால் தப்பும் என்னுடையது சார்" என்றேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மெடிக்கலுக்குப் போவதற்கு முன் காது அழுக்கை ஊரிலேயே எடுத்துவிட்டுப் போங்கள். என்னோடு வந்த ஒருவனை அதற்காகவே நிறுத்தி வைத்தார்கள்.

ரெகமண்ட் ஆன அன்று இரவு லாஸ்பேட்டைக்கு போன் போட்டேன். மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: "பாசிங் அவுட் பரேடுக்கு அத்தையோட வர்றேன். ஆனா சல்யூட் கில்யூட்னு எதிர்பார்க்காத மாப்ளே. இருபத்தெட்டு வருஷமா உன் வயசுப் பசங்களுக்கு அடிச்சு கை வலிக்குது."