பெலேவை இன்றைக்கு இழுத்து வருபவர்களுக்கு

பெலே இன்றைக்கு ஆடினால் ஒரு சாதாரண கால்பந்து கிளப்பில்கூட இடம் கிடைக்காது என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்விதான் வரும். ஏன் எப்போதும் பழைய ஆளையே இந்தக் காலத்துக்கு இழுத்து வருகிறீர்கள், ஒரு தடவையாவது மெஸ்ஸியை 1966-க்கு அனுப்பிப் பார்க்க மாட்டீர்களா? அதுவும் பெலேவைக் கொண்டுவரும்போது அவருடைய அந்தக் காலத்து உடம்பு, அந்தக் காலத்து பூட்ஸ், அந்தக் காலத்துப் பயிற்சி எல்லாவற்றோடும் சேர்த்தே கொண்டுவந்து இன்றைய டிஃபெண்டர் முன்னால் நிறுத்திவிட்டு, பார், திணறுகிறார் என்கிறார்கள். நல்ல நியாயம்.

சரி, 1966-க்கே போவோம். இங்கிலாந்தில் நடந்த அந்த உலகக் கோப்பையில் பிரேசிலின் முதல் ஆட்டத்திலேயே பல்கேரியக்காரர்கள் பெலேவை உதைத்த உதையில், அடுத்து ஹங்கேரியோடு நடந்த ஆட்டத்துக்கு அவரால் இறங்க முடியவில்லை. மூன்றாவது ஆட்டம் போர்ச்சுகலோடு. மொராய்ஸ் என்ற டிஃபெண்டர் ஒரே ஓட்டத்தில் அவர் காலை இரண்டு தடவை வாரினார். முதல் தடவை தடுமாறி, விழாமல் சமாளித்து மேலே ஓடப் பார்த்தவரை இரண்டாவது தடவை சாய்த்தே விட்டார். வீடியோ இருக்கிறது, கறுப்பு வெள்ளையில் பார்த்தாலும் வலிக்கும். நடுவர் மொராய்ஸை வெளியே அனுப்பவில்லை. மாற்று ஆட்டக்காரரை இறக்க அப்போது விதியே கிடையாது. அதனால் வெளியே தூக்கிப் போகப்பட்ட பெலே மறுபடியும் உள்ளே வந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டே ஓரமாக நின்று ஆடி முடித்தார். பிரேசில் 3-1 என்று தோற்று வெளியேறியது, இனி உலகக் கோப்பையே ஆட மாட்டேன் என்று அவர் சொன்னதும் அப்போதுதான்.

எச்சரிக்க மஞ்சள் அட்டை, வெளியே அனுப்ப சிவப்பு அட்டை, மாற்று ஆட்டக்காரர் எல்லாம் உலகக் கோப்பைக்குள் வந்தது 1970-இல். மனம் மாறி வந்து பெலே மூன்றாவது கோப்பையை வாங்கியதும் அதே வருடம்தான். தற்செயல் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

அட்டை வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் இல்லை. 1982 உலகக் கோப்பையில் இத்தாலிக்கு எதிராக அர்ஜென்டினாவின் மரடோனா ஆடிய ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள். இத்தாலி டிஃபெண்டர் க்ளாடியோ ஜென்டீலே அவரைச் சட்டையைப் பிடித்து இழுக்கிறார், முதுகில் ஏறுகிறார், கணுக்காலைத் தட்டுகிறார். அந்த ஒரு ஆட்டத்தில் மரடோனா மேல் 23 ஃபவுல் என்று கணக்கு. ஜென்டீலேவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மஞ்சள் அட்டை, இத்தாலிக்குக் கிடைத்தது 2-1 வெற்றி. அடுத்த வருடம் பார்சிலோனாவுக்கு ஆடும்போது பில்பாவோ அணியின் டிஃபெண்டர் ஒருவர் பின்னாலிருந்து பாய்ந்ததில் மரடோனாவின் கணுக்கால் உடைந்தது. பின்னாலிருந்து ஆபத்தாகப் பாய்ந்தால் நேராகச் சிவப்பு அட்டை என்று கறாராக ஆக்கியது 1998-இல்தான். மெஸ்ஸி அப்போது பத்து, பதினோரு வயதுப் பையன்.

இப்போது நான் சொல்ல வருவது இதுதான்: ஒரு ஆட்டக்காரர் எவ்வளவு பெரியவர் என்று நாம் பேசும்போது பாதி நேரம் நடுவரின் சட்டைப்பையில் இருக்கும் அட்டையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், அது தெரியாமலேயே.

1986-இல் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராக அடித்த இரண்டாவது கோலையே எடுத்துக்கொள்வோம். (முதலாவது கையால் அடித்தது, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.) தன் பாதி மைதானத்திலேயே பந்தை வாங்கி, பியர்ட்ஸ்லிக்கும் ரீடுக்கும் நடுவில் ஒரு சுழல் சுழன்று வெளியே வருகிறார். ரீட் பின்னாலேயே ஓடுகிறார், எட்ட முடியவில்லை. புட்சர் கால் நீட்டுகிறார், மரடோனா அவரை உள்பக்கமாகக் கடக்கிறார். அடுத்து ஃபென்விக். இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திப் பாருங்கள். ஃபென்விக் மரடோனாவைச் சாய்த்திருக்கலாம், உடம்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் கை பாதியில் நின்றுவிடுகிறது. ஆட்ட ஆரம்பத்திலேயே மரடோனாவை ஃபவுல் செய்து மஞ்சள் அட்டை வாங்கியவர் அவர். இன்னொன்று வாங்கினால் வெளியே. அப்புறம் கோல்கீப்பர் ஷில்டனைச் சுற்றிப் போய், புட்சர் பின்னாலிருந்து கடைசியாகக் காலை விடுவதற்குள் பந்து உள்ளே. எல்லாமே இடது கால், பத்துப் பதினோரு விநாடி. இருபது வருடம் முன்னால் இதே ஓட்டத்தை ஓடியிருந்தால் ஃபென்விக் இடத்தில் ஒரு மொராய்ஸ் இருந்திருப்பார், நூற்றாண்டின் கோல் என்று நாம் கொண்டாடுவது ஒரு ஃப்ரீ கிக்காக முடிந்திருக்கும்.

2007-இல் கெட்டாஃபே அணிக்கு எதிராக மெஸ்ஸி அடித்த கோலை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அச்சில் வார்த்தது போலிருக்கும். அதே வலது பக்கம், கிட்டத்தட்ட அதே தூரம், கோல்கீப்பரைச் சுற்றிப் போகும் அதே வழி. ஒரே வித்தியாசம், மெஸ்ஸி கடைசியில் வலது காலால் முடித்தார். வயது 19. திறமையை மட்டும் பார்த்தால் எனக்கு மெஸ்ஸியின் கோல்தான் ஒரு படி மேல். பந்து காலை விட்டு விலகும் தூரம் அவ்வளவு குறைவு, வேகமும் அதிகம். ஆனால் அது ஸ்பெயினின் உள்நாட்டுக் கோப்பையின் அரையிறுதி, நல்ல புல்தரை, அதுவும் இரண்டு ஆட்டமாக நடந்த அந்த அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் பார்சிலோனா 4-0 என்று தோற்று வெளியே போய்விட்டது. மரடோனாவுடையது உலகக் கோப்பை காலிறுதி, மெக்ஸிகோவின் அஸ்டெக்கா மைதானத்து மேடுபள்ளத் தரை, கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல், நண்பகல் வெயில். எது பெரிய கோல் என்று கேட்டால் மரடோனா. எது கடினமான கோல் என்று கேட்டால் இன்னும் யோசிக்கிறேன்.

பழையவர்களுக்காக மட்டும் வக்கீல் வேலை பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1970 இறுதியாட்டத்தில் பிரேசில் அடித்த நான்காவது கோல், கார்லோஸ் ஆல்பர்ட்டோ அடித்தது, எல்லோருக்கும் தெரியும். அதில் பந்து பெலே காலுக்கு வரும்போது அவர் பெனால்ட்டி பெட்டி விளிம்பில் நிற்கிறார். நிற்கிறார் என்றால் நிஜமாகவே நிற்கிறார். வலது பக்கம் ஆல்பர்ட்டோ ஓடி வரும்வரை காத்திருந்து, நிதானமாகப் பந்தை உருட்டிவிடுகிறார். இத்தாலிக்காரர்கள் நாலு நாள் முன்னால்தான் ஜெர்மனியோடு கூடுதல் நேரம் ஆடி வந்தவர்கள், ஆட்டமும் முடியப்போகிற நேரம், களைப்பு இருந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இன்றைக்கு அந்த இடத்தில் அவ்வளவு அவகாசம் எந்த நட்சத்திரத்துக்கும் கிடைக்காது. பந்து வருவதற்கு முன்பே இரண்டு பேர் ஒட்டிக்கொண்டிருப்பார்கள், எந்தப் பக்கம் திரும்புவார் என்று வீடியோ போட்டுப் படித்திருப்பார்கள்.

2022 அரையிறுதியில் குரோஷியாவின் க்வார்டியோலை மெஸ்ஸி என்ன செய்தார் என்பதை இதற்காகத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். க்வார்டியோலுக்கு அப்போது 20 வயது, அந்தப் போட்டியின் சிறந்த டிஃபெண்டர்களில் ஒருவர், முகமூடி போட்டுக்கொண்டு ஆடினார். எதிரே 35 வயது ஆள். வலது ஓரத்தில் பந்தோடு போகிறார், நிற்கிறார், திரும்புகிறார், மறுபடி போகிறார். க்வார்டியோல் ஒரு தப்பும் செய்யவில்லை, பாடப்புத்தகத்தில் இருப்பது மாதிரி உடம்பைக் கொடுத்து ஒட்டியே ஓடுகிறார், இருந்தும் கடைசியில் பந்து அல்வாரெஸுக்குப் போய் கோல் ஆகிறது. அந்தக் காலத்து ஆட்டங்களை முழு 90 நிமிடமும் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். ஹைலைட்ஸ் மட்டும் பார்த்தால் பழைய ஆட்டம் முழுக்க மாயாஜாலம் போலத் தெரியும். முழுசாகப் பார்த்தால் டிஃபெண்டர் கோல்கீப்பருக்குத் திருப்பித் தட்டுவதும், அவர் அதைக் கையில் எடுத்துத் தட்டித் தட்டி நேரத்தைக் கொல்வதும்தான் பாதி. 1992-இல் அப்படிக் கையில் எடுக்கக் கூடாது என்று விதியை மாற்றினார்கள், புண்ணியம்.

எண்ணிக்கை விஷயத்துக்கு வந்தால் இன்னும் கூத்து. வருடத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி ஓர் விருது மெஸ்ஸியிடம் எட்டு, பெலேவிடம் ஒன்றுகூட இல்லை என்று படம் போட்டுப் பகிர்கிறார்கள். 1995 வரை அந்த விருது ஐரோப்பியர்களுக்கு மட்டும்தான், பெலேவுக்கோ மரடோனாவுக்கோ கொடுக்கவே முடியாது. பெலே ஐரோப்பிய கிளப்பில் ஆடவே இல்லையே, அங்கே வந்திருந்தால் தெரிந்திருக்கும் என்பது அடுத்த வாதம். 1962-இல் பெலேவின் கிளப்பான சான்டோஸ் லிஸ்பனுக்கே போய், அந்த வருடத்து ஐரோப்பிய சாம்பியன் பென்ஃபிக்காவை 5-2 என்று அடித்தது. பெலே ஹாட்ரிக், மூன்று கோல்.

மறுபக்கம் பெலே ரசிகர்கள் ஆயிரத்துச் சொச்சம் கோல் என்று சொல்வதில் நட்பு ஆட்டங்களும் நிறையவே இருக்கின்றன, அதையும் மறைக்கக் கூடாது. எனக்குப் பிடித்த ஒப்பீடு வேறு. ஐரோப்பிய கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையில் ரியல் மாட்ரிட்டின் டி ஸ்டெஃபானோ 58 ஆட்டத்தில் 49 கோல், அதே போட்டியின் இன்றைய வடிவமான சாம்பியன்ஸ் லீகில் கிறிஸ்டியானோ ரொனால்டோ 183 ஆட்டத்தில் 140. ஆட்டத்துக்கு இத்தனை என்று பார்த்தால் டி ஸ்டெஃபானோ கொஞ்சம் முன்னால். ஆனால் ஐரோப்பியக் கோப்பையின் 1960 இறுதியாட்டத்தின் முடிவே 7-3 என்றால் அந்தக் காலத்து டிஃபென்ஸ் எப்படி இருந்தது என்பதும் தெரிந்துவிடும். ஏழையும் ரியல் மாட்ரிட்டுக்கு அடித்தது இரண்டே பேர்: டி ஸ்டெஃபானோ மூன்று, புஷ்காஷ் நாலு! இன்றைய இறுதியாட்டம் ஒன்றில் ஒரே அணி ஏழு அடிக்கும் என்று யார் நம்புவார்கள்?

உடம்பு விஷயத்தில்தான் நான் இன்றையவர்களுக்குக் கொஞ்சம் மார்க் குறைப்பேன். பிரான்ஸின் ஜஸ்ட் ஃபோன்டேன் 1958-இல் ஒரே உலகக் கோப்பையில் 13 கோல் அடித்தவர், கால் உடைந்து, மறுபடி உடைந்து, 28 வயதில் ஓய்வு. பிரேசிலின் ரொனால்டோவுக்கு 2000-இல் முட்டி போனது, ஆனால் 2002-இல் எட்டு கோலோடு கோப்பையைத் தூக்கினார். இரண்டு பேருக்கும் நடுவில் நாற்பது வருட மருத்துவம் இருக்கிறது. நாற்பது வயதிலும் கிறிஸ்டியானோ ஆடுகிறாரே என்பார்கள். ஆடட்டும். முதல் பாலன் டி ஓரை 1956-இல் ஸ்டான்லி மேத்யூஸ் வாங்கியபோது அவருக்கு 41, இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் கடைசியாக ஆடியபோது 50.

என் வரிசை கேட்டால் மெஸ்ஸி, பெலே, மரடோனா. மெஸ்ஸியை மேலே வைப்பது கோலுக்காக இல்லை, அவருடைய மோசமான ஆட்டங்களும் உட்பட அத்தனையும் படம்பிடிக்கப்பட்டு, அலசப்பட்டு, அதற்குப் பிறகும் நிற்கிறார் என்பதற்காக. பெலே தன்னுடைய சிறந்த கோல் என்று சொன்னது 1959-இல் சாவோ பாவ்லோவில் ஜுவென்டஸ் என்ற உள்ளூர் அணிக்கு எதிராக அடித்தது. அதற்கு வீடியோவே கிடையாது, பின்னாளில் கம்ப்யூட்டரில் வரைந்துதான் காட்டினார்கள். அதனால் இரண்டாவது இடம் கொடுத்தாலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. கிறிஸ்டியானோ ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், நாலாவது இடத்துக்கு நெதர்லாந்தின் க்ரைஃபோடும் டி ஸ்டெஃபானோவோடும் அவரைத்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.